எழுத்து எண்ணிய கதை

“ஒரு சொல்லுக்குச் சராசரியாக இருபத்திரண்டு எழுத்தா? அப்படி ஒரு சொல்லைச் சொல்லுங்களம்மா, கேட்போம்.”

வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த புறத்தேர்வாளர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். 2012ஆம் ஆண்டு. முதுகலைத் திட்டக் கட்டுரைக்காக இரண்டு நாவல்களின் சொல்நீளத்தை ஒப்பிட்டிருந்தாள் அந்தப் பெண். புள்ளியியல் மென்பொருள் ஒன்றைத் தானே முயன்று கற்று, தட்டச்சு செய்த பக்கங்களை அதற்குள் செலுத்தி, அழகான அட்டவணைகள் எடுத்திருந்தாள். தமிழ்த்துறையில் அப்படி ஓர் அட்டவணையைப் பார்ப்பது அரிது என்பதால் எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமையில் எண்களைப் படிக்கவில்லை. நெறியாளர் என்ற இடத்தில் கையெழுத்திட்டவன் நான். தவறு என்னுடையது, மென்பொருளின் பெயரை இங்கே சொல்லி அதன்மேல் பழி போட விரும்பவில்லை.

அன்று மாலை காட்டாங்குளத்தூர் நிலையத்தில் தாம்பரம் செல்லும் மின்தொடர் வண்டிக்காக நின்றபோது, பக்கத்து ஊர்க் கல்லூரியொன்றில் புள்ளியியல் கற்பிக்கும் நண்பர் வந்து சேர்ந்தார். நடந்ததைச் சொன்னேன். பொத்தேரி வருவதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். “சார், அது எழுத்தை எண்ணவில்லை. பைட்டை எண்ணியிருக்கிறது.”

அதன்பின் ஓராண்டுக் காலம் அந்த வண்டியில் நாங்கள் பேசியதன் சாரமும், அதையொட்டி நான் தேடிப் படித்தவையும் இக்கட்டுரை. புள்ளியியல் மென்பொருள்களுக்குள் பயனர்கள் தம் சொந்தக் கருவிகளைச் செருகிக்கொண்ட வரலாறு இது. இதில் தமிழ் எழுத்துக்கும் தாம்பரத்துக்கும் ஓர் இடம் உண்டு என்பதே என்னை எழுத வைத்தது.

முதலில் அந்தப் பெண்ணின் அட்டவணை. ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்தது 247 எழுத்துக்கும் அன்று. உயிரெழுத்துகள், அகரமேறிய மெய்கள், கால், கொம்பு, விசிறி போன்ற குறிகள், புள்ளி இவற்றுக்கு மட்டும்தான். ‘கி’ என்பது நமக்கு ஓரெழுத்து; கணினிக்கு ‘க’வும் ஒரு குறியும். இக்காலத்தில் பெரிதும் வழங்கும் சேமிப்பு முறையில் இவை ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடம் பிடிக்கும். ஆகவே ‘மரம்’ என்பதற்குப் பன்னிரண்டு பைட்டு. ‘கிளி’ என்பதற்கும் பன்னிரண்டு பைட்டு. முன்னது மூன்றெழுத்து, பின்னது இரண்டெழுத்து. ‘நீ’ ஓரெழுத்து ஒருமொழி, ‘பட’ ஈரெழுத்து, இரண்டுக்கும் ஆறு பைட்டு.

எல்லாவற்றையும் மூன்றால் வகுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நான் முதலில் நினைத்தேன். ஆகாது. அகரமேறிய உயிர்மெய் மிகுதியாக வரும் நடை குட்டையாகவும், இகரமும் உகரமும் புள்ளியும் மிகுந்த நடை நெட்டையாகவும் தோன்றும். அதாவது, பிழை எல்லா நூலுக்கும் ஒரே அளவில் ஏறவில்லை. ஒப்பீட்டின் அடித்தளமே போய்விட்டது. அவள் இரண்டு நாவலாசிரியர்களுக்கிடையே கண்ட வேறுபாட்டில் எவ்வளவு நடை, எவ்வளவு பைட்டு என்று அந்த அட்டவணையை வைத்துச் சொல்ல முடியாது.

இங்கே சற்று நின்று சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. எழுத்தை எண்ணுவது தமிழுக்குக் கணினியோடு வந்த வேலையன்று. தொல்காப்பியச் செய்யுளியல் அடியை எழுத்தெண்ணித்தான் வகுக்கிறது: நான்கு முதல் ஆறு எழுத்து வரை குறளடி, ஏழு முதல் ஒன்பது வரை சிந்தடி, பத்து முதல் பதினான்கு வரை நேரடி, பதினைந்து முதல் பதினேழு வரை நெடிலடி, பதினெட்டு முதல் இருபது வரை கழிநெடிலடி. உயிர் இல்லாத எழுத்தை எண்ணக்கூடாது என்ற விதியும் உடன் வருகிறது. பிற்காலத்துக் கட்டளைக் கலித்துறையும் அப்படியே. அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கிப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கினால் பதினேழு. அபிராமி அந்தாதியும் கந்தரலங்காரமும் இக்கணக்குக்குள் நிற்பவை. ஆனால் எழுத்ததிகாரத்தைப் படிக்கும்போது கணக்கு மாறுகிறது. அங்கே முதலெழுத்து முப்பது, சார்ந்து வருவன மூன்று. நன்னூலார் சார்பெழுத்தைப் பத்து வகையாக்கி 369 என்று விரிக்கிறார். நெடுங்கணக்கு என்று பள்ளியில் நாம் சொல்வது 247.

ஆகவே ‘மரம்’ என்பதில் எத்தனை எழுத்து என்று கேட்டால், நெடுங்கணக்குப்படி மூன்று, யாப்புக்காரருக்கு இரண்டு, ஒலியைப் பிரித்தெண்ணுவோருக்கு ம், அ, ர், அ, ம் என ஐந்து. மூன்றும் சரி. கணினி சொன்ன பன்னிரண்டு மட்டும்தான் யாருடைய கணக்கும் அன்று. (‘தமிழ்’ என்ற சொல்லிலோ வேடிக்கை. ஒலியும் ஐந்து, ஒருங்குறியின் குறியீடுகளும் ஐந்து. அந்த ஒரு சொல்லை மட்டும் சோதித்துவிட்டுக் கருவி சரியாக இருக்கிறது என்று நம்பிவிட வாய்ப்புண்டு. நாங்களும் ஒரு வாரம் நம்பியிருந்தோம்.)

இந்தச் சிக்கலை எங்களுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தாம்பரத்தில் ஒருவர் எதிர்கொண்டிருக்கிறார் என்பதை நண்பர்தான் சொன்னார். சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் நகரத்திலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அந்தக் காட்டுக்குள் கணிதம் கற்பித்து, பின்னாளில் புள்ளியியல் துறைக்குத் தலைவராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி (1932–1988). முப்பது வயதை ஒட்டிய பருவத்தில், 1963இல், ‘தமிழ் உரைநடையின் எண்ட்ரோபி’ என்ற பொருளில் ஒரு சிறு ஆங்கிலக் கட்டுரையை அயல்நாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார். கிளாட் ஷானன் 1948இல் தகவல் கோட்பாட்டை நிறுவி, 1951இல் அச்சிட்ட ஆங்கிலத்தை அதன்வழி அளந்திருந்தார். அடுத்து வரும் எழுத்து எது என்பதில் நமக்குள்ள ஐயத்தை ஓர் எண்ணாகச் சொல்வது அம்முறை. அதைத் தமிழுக்குச் செய்து பார்த்தார் சிரோமணி.

இதில் உள்ள இடர்ப்பாடு எளிதில் புரியக்கூடியது. எல்லா எழுத்துகளும் ஒரே அளவில் வந்தால் இந்த எண் எவ்வளவு உயரக்கூடும் என்று பார்ப்போம். 247 எழுத்தையும் தனித்தனி அலகாகக் கொண்டால் எழுத்துக்கு 7.95 பிட். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 எனக் கொண்டால் 4.95 பிட். மொழி ஒன்றுதான், நூல் ஒன்றுதான். அலகை எப்படி வைத்தோம் என்பதிலேயே மூன்று பிட் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் 26 எழுத்தும் ஓர் இடைவெளியும் என்று தொடங்கியவருக்கு இந்தக் கேள்வி எழவே இல்லை. தமிழில் எண்ணத் தொடங்குபவர் எண்ணுவதற்கு முன்பே இலக்கண ஆசிரியராக மாறவேண்டியிருக்கிறது.

சிரோமணியின் பிற்காலப் பணிகள் எல்லாவற்றிலும் இந்தப் பண்பைக் காண்கிறேன். ஆயத்தமாக ஒரு கருவி கிடைக்காத இடத்தில்தான் அவர் போய் நிற்கிறார். துணைவியார் ராணி சிரோமணி, மாணவியாக இருந்து பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரான கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து 1970களின் தொடக்கத்தில் கோலத்துக்கு இலக்கணம் வகுத்தார். முதலில் கிடைவரிசையில் குறிகளை ஆக்கி, பிறகு ஒவ்வொரு குறியும் கீழ்நோக்கி வளர்வதாக அமைந்த அந்த இலக்கண வகை இன்றும் கணினியியலில் சிரோமணி என்ற பெயராலேயே வழங்குகிறது. வாசலில் மாக்கோலம் போடும் பெண்களின் அறிவு, நோம் சோம்ஸ்கி வழிவந்த முறைசார் இலக்கணத்தோடு கைகோத்த இடம் அது. 1978இல் அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணினி படித்தறியும் முறையொன்றை இரு துணையாசிரியர்களுடன் வெளியிட்டார். எழுத்தின் வடிவத்தை ஒன்றும் சுழியுமான கட்டங்களாக்கி, அதை ஒரு சரமாக மாற்றி, முன்பே தொகுத்த அகராதியோடு ஒப்பிடும் முறை.

ஐராவதம் மகாதேவன் சிந்துவெளி எழுத்துகளுக்குக் கணினி கொண்டு தொகுத்த சொல்லடைவு 1977இல் இந்தியத் தொல்லியல் துறையின் வெளியீடாக வந்தது. 417 குறிகள் கொண்ட பட்டியல் அதில் உண்டு. அந்தத் தரவின்மேல் குறிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கும் ஆய்வையும், நீண்ட பொறிப்புகளைச் சிறு தொடர்களாக வெட்டும் ஆய்வையும் சிரோமணியும் அப்துல் ஹக்கும் 1980களின் தொடக்கத்தில் செய்தார்கள். படிக்கவே தெரியாத ஓர் எழுத்தில் எது ஒரு குறி, எது இரண்டு குறி என்று முடிவு செய்வதை எண்ணிப் பாருங்கள். நம்முடைய கொம்பும் காலும் எவ்வளவோ தேவலாம்.

அக்காலத்தில் கணினி என்பது துளையிட்ட அட்டைகளைக் கட்டாக எடுத்துக்கொண்டு போய்க் காத்திருக்கும் வேலை. சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 நிறுவப்பட்டது 1973இல்தான். இந்திய மொழி எழுத்து எதுவும் அந்த இயந்திரங்களின் விசைப்பலகையில் கிடையாது. எழுத்துக்குப் பதில் எண்ணையோ ரோமானிய எழுத்தையோ வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆய்வுக்கும் நிரலைப் புதிதாக எழுதியாக வேண்டும். சிரோமணியின் கட்டுரைகளைச் சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் இணையதளத்தில் தொகுத்து வைத்திருக்கிறார்கள். ஆர்வமுள்ள நண்பர்கள் ஒருமுறை சென்று பார்க்கவேண்டும்.

இனிக் கடல் கடந்து போகவேண்டியிருக்கிறது. ஏனென்றால் நிரலை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதும் தொல்லை தாம்பரத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில், தென்மாநிலங்களின் வேளாண் ஆய்வு நிலையங்களில் குவிந்த தரவுகளை ஆராய்வதற்காக, அந்தோணி பார் என்பவர் 1966இல் ஒரு பொது மென்பொருளை வடிவமைக்கத் தொடங்கினார். ஜேம்ஸ் குட்நைட் முதலியோர் சேர்ந்தனர். 1976இல் அது தனி நிறுவனமாயிற்று. அதுவே சாஸ். ஒவ்வொரு கணக்குமுறையும் அதில் ‘பிராக்’ என்ற தலைப்பில் ஒரு தனித்துண்டு. சராசரி வேண்டுமா, அதற்கொரு பிராக்; அட்டவணை வேண்டுமா, அதற்கொன்று.

இல்லாத கணக்குமுறை வேண்டுமானால்? இங்கேதான் நம் கதை தொடங்குகிறது. அந்நாளில் பயனர்களே பிராக் எழுதி மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். பயனர் மாநாடுகள் 1976இலேயே தொடங்கிவிட்டன. அம்மாநாட்டின் பெயரால் துணை நூலகம் ஒன்றும் வெளிவந்தது. ஃபிராங்க் ஹாரெல் எழுதிய ‘லாஜிஸ்ட்’ என்ற செயல்முறை அதில் புகழ்பெற்றது. மருந்து பயன்பட்டதா இல்லையா, நோயாளி பிழைத்தாரா இல்லையா என்பதுபோல் இரண்டில் ஒன்றாக விடை வரும் தரவுகளுக்கான கணக்கு அது. மருத்துவ ஆய்வாளர்கள் பல்லாண்டு அதைப் பயன்படுத்தினார்கள். பின்னர் நிறுவனமே அவ்வகைக் கணக்குக்குத் தன் சொந்தச் செயல்முறையைச் சேர்த்தது. விருந்தாளி கொண்டுவந்த பண்டம் வீட்டுச் சமையலில் சேர்ந்துவிட்ட கதை. 1980களில் மென்பொருள் முழுவதும் சி மொழியில் திருப்பி எழுதப்பட்டபோது பழைய பிராக்குகளை அப்படியே பொருத்த இயலாமல் போயிற்று. அதற்கென்று ஒரு கருவித்தொகுதியைத் தனியே விற்றார்கள்.

பயனர் எழுதும் செருகுநிரலில் இந்தியக் கை படிந்த இடம் ஒன்றும் உண்டு. சிறிய எண்ணிக்கைகள் கொண்ட அட்டவணைகளுக்குத் தோராயக் கணக்கு பொருந்தாது. சாத்தியமான எல்லா அட்டவணைகளையும் கணக்கில் கொண்டு துல்லியமாகக் கண்டாகவேண்டும். ஃபிஷர் வகுத்த இம்முறை, அட்டவணை சற்றே பெரிதானாலும் கணினியைத் திணறடிக்கும். சைரஸ் மேத்தாவும் நிதின் பட்டேலும் 1983இல் இதற்கு ஒரு வலையமைப்பு வழிமுறையைக் கண்டார்கள். பட்டேல் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் ஆசிரியராக இருந்தவர். இருவரும் 1987இல் அமெரிக்காவில் தொடங்கிய சைட்டல் நிறுவனத்துக்குப் புனேயில் வலுவான ஒரு கிளை அமைந்தது. அவர்களுடைய கணக்கு, எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளுக்குள் ஒரு கூடுதல் தொகுதியாகவும், சாஸ் பயனர்களுக்குப் புறத்திலிருந்து செருகும் பிராக்குகளாகவும் சென்றது. இலக்கிய மாணவர்களுக்கு இது தொலைதூரச் செய்தியாகத் தோன்றலாம். ஓர் அருஞ்சொல் ஒரு தொகைநூலில் நான்கு முறையும் இன்னொன்றில் ஒரு முறையும் வருகிறது, இது வேறுபாடா தற்செயலா என்று கேட்டால், நமக்கு வேண்டியது இந்தச் சிறிய எண்களின் கணக்குத்தான்.

சாஸ் நிறுவனம் பட்டியல்களைச் சொடுக்கியே வேலை செய்யும் எண்டர்பிரைஸ் கைடு என்ற முகப்பை வெளியிட்ட பிறகு, செருகுநிரல் வேறு உருவம் கொண்டது. மைக்ரோசாஃப்டின் டாட் நெட் அடிப்படையில், சி ஷார்ப் போன்ற ஒரு மொழியில், பயனரே ஒரு ‘பணி’யை எழுதி அதன் பட்டியலில் சேர்க்கலாம். அப்பணி பெரும்பாலும் தானே கணக்கிடுவதில்லை. ஒரு சிறு பலகத்தைத் திறந்து, எந்தத் தரவு, எந்தப் பத்தி, என்ன விருப்பம் என்று கேட்கும். கேட்டவற்றை வைத்துச் சாஸ் மொழியில் ஒரு நிரலை எழுதிப் பின்னாலிருக்கும் வழங்கிக்கு அனுப்பும். நண்பர் இதை விளக்கியபோது, உணவகத்தில் பரிமாறுபவர் நம்மிடம் கேட்டுவிட்டுச் சமையற்கட்டுக்குக் குரல் கொடுப்பதைச் சொன்னார். நிரல் எழுதத் தெரியாத ஒருவர் நிரல் எழுதத் தெரிந்தவரின் முடிவுகளைத் தாமறியாமலே பயன்படுத்துவதற்கு இது வழி. அதே நிறுவனம் அலுவலக மென்பொருள்களுக்குத் தந்த இணைப்பிலும் இப்பணிகளைப் பயன்படுத்த முடிந்தது. பின்வந்த இணையவழி முகப்பில் டாட் நெட் தேவையில்லை; பணியின் வடிவத்தை எக்ஸ்.எம்.எல். கோப்பாகவே எழுதிவிடலாம்.

தமிழைப் பொறுத்தவரை இப்படி ஒரு பணி ஏன் தேவை என்பதற்குச் சாஸின் இயல்பே நல்ல எடுத்துக்காட்டு. அதில் நீளம் காணும் அடிப்படைச் சார்பு பைட்டைத்தான் எண்ணும். ‘தமிழ்’ என்பதற்கு 15 என்று சொல்லும். சீன, சப்பானிய மொழிகளுக்காகச் சேர்த்த வேறொரு சார்பு 5 என்று சொல்லும். 3 என்று சொல்லும் நீளச் சார்பு நாமாக எழுதினாலொழிய இல்லை. இன்னொன்று: அளவு குறிப்பிடாமல் ஒரு சொல்லை எளிய முறையில் படிக்கச் சொன்னால் அது எட்டு பைட்டு மட்டுமே ஒதுக்கும். த, ம இரண்டுக்கும் ஆறு. எஞ்சிய இரண்டில் இகரக் குறி முழுதாக உட்காராது. தமிழ் ‘தம’வாகி, வாலில் ஒரு சிதைவோடு நிற்கும்.

பயனரின் கைவேலைக்கு முழு வாசலையும் திறந்துவிட்டது ஆர் என்னும் கட்டற்ற மொழி. நியூசிலாந்தில் ராஸ் இகாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொடங்கியது. 1997இல் அதற்கொரு பொதுக் களஞ்சியம் அமைந்தது. அதில் இன்று இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பொதிகள் உள்ளன. அங்கும் அடிப்படைச் சார்பு ‘தமிழ்’ ஐந்து என்றே சொல்லும்; பிறர் எழுதிச் சேர்த்த ‘ஸ்ட்ரிங்கி’ என்ற பொதியை அழைத்தால் மூன்று என்று சொல்லும். பைத்தான் மொழியில் தமிழன்பர்கள் ஆக்கிய ‘ஓபன் தமிழ்’ நூலகம் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்தே தருகிறது. மூன்று இருந்தால் போதுமா, ஒற்று நீக்கி இரண்டு வேண்டுமா என்பதை மட்டும் நாம்தான் சொல்லவேண்டும்.

நண்பர் எனக்காக எழுதிய பணிக்கு வருகிறேன். வண்டலூருக்கும் பெருங்களத்தூருக்கும் இடையில் ஒருநாள் அவர் ஒரு தாளை எடுத்தார். “பலகத்தில் என்னென்ன கேட்கவேண்டும், சொல்லுங்கள் சார்.” நெடுங்கணக்குப்படி, ஒற்று நீக்கி, ஒலி பிரித்து என்று மூன்று சொன்னேன். ஐந்து நிமிட வேலை என்று இருவருமே நினைத்தோம்.

அவருடைய முதல் விதி எளியது: குறியோ புள்ளியோ வந்தால் முன்னெழுத்தோடு சேர்; ஒற்று நீக்கச் சொன்னால் புள்ளியுள்ளதை விட்டுவிடு. ‘அஃது’ என்ற சொல்லில் அது சறுக்கியது. ஆய்தத்துக்கு மேல் புள்ளி ஏறுவதில்லை. கணினி அதை உயிருள்ள எழுத்தாக எண்ணி மூன்று என்றது. யாப்புக்கு இரண்டு. அடுத்து ‘கொடி’. பழைய கோப்புகளில் ஒகரக் குறி, கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகக் கிடந்தது. ஒலி பிரித்தால் நான்கு வரவேண்டிய இடத்தில் ஐந்து வந்தது. ‘ஸ்ரீ’ ஓரெழுத்தா இரண்டா என்பதில் ஒரு மாலை கழிந்தது. பெருந்தொல்லை ஔவையார் கொடுத்தார். தட்டச்சு செய்தவர்களில் பாதிப்பேர் ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் அடித்திருந்தார்கள். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஔவை இரண்டெழுத்து, ‘ஒளவை’ மூன்றெழுத்து. (திருக்குறளில் 42,194 எழுத்துகள் என்று ஒரு கணக்கு பல்லாண்டுகளாகச் சுற்றி வருகிறதே, எந்தப் பதிப்பை, எப்படிச் சந்தி பிரித்து, எதை எழுத்தென்று வைத்து எண்ணியது என்று அதை அனுப்புகிறவர் எவரும் சொல்வதில்லை.)

தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்துத் தரமாக அறிவித்த டேஸ்16 குறியேற்றத்தில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் உண்டு. கோப்புகள் அதில் இருந்திருந்தால் எங்கள் வேலையில் பாதி குறைந்திருக்கும். எங்களிடம் இருந்தவை ஒருங்குறியிலும், அதற்கு முந்திய டேப், டேம் எழுத்துருக்களிலும்தான்.

குற்றியலுகரத்தையும் ஒரு விருப்பமாகச் சேர்க்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அதை எண்ணுவதும் விடுவதும் எந்தப் பாவை, எந்த உரையாசிரியர் வழியில் எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. சொல்லின் இறுதியில் வல்லினத்தின் மேல் உகரம் வந்து, அதற்கு முன் தனிக்குறில் மட்டுமே இல்லாதிருந்தால் அது குற்றியலுகரம். ‘நாடு’ ஆம், ‘அது’ அன்று. இதைக் கேட்டதும் நண்பருக்கு உற்சாகம். “இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் விதி சொன்னதில்லை சார். இதை எழுதியவர் நிரலாளர்தான்.”

கட்டளைக் கலித்துறையை வைத்துத்தான் பணியைச் சோதித்தோம். விடை முன்கூட்டியே தெரிந்த தேர்வு அது: ஒற்று நீக்கி எண்ணினால் ஒவ்வோர் அடியும் பதினாறோ பதினேழோ வரவேண்டும். அபிராமி அந்தாதியின் நூறு பாடல்கள், நானூறு அடிகள். ஓட்டினோம். பல அடிகள் பதினெட்டும் பத்தொன்பதும் காட்டின. நண்பர் தம் நிரலைச் சந்தேகித்தார். நான் பட்டரைச் சந்தேகிக்கத் துணியவில்லை. குற்றவாளி, நாங்கள் பயன்படுத்திய பதிப்பு. வாசகருக்கு எளிதாக இருக்கட்டும் என்று சந்தி பிரித்து அச்சிட்டிருந்தார்கள். ‘நாடென்று’ என்பதில் ஒற்று நீங்கினால் மூன்றெழுத்து. ‘நாடு என்று’ என்று பிரித்தால் புணர்ச்சியில் கெட்ட உகரம் உயிர்த்தெழுந்து நான்காகிவிடும். சந்தி சேர்த்த பழைய பதிப்பைத் தேடி எடுத்து, ஐயமுள்ள அடிகளை மட்டும் கையால் திருத்தி மீண்டும் ஓட்டினோம். அன்று தாம்பரத்தில் இறங்க மறந்து குரோம்பேட்டை வரை போய்த் திரும்பினேன்.

மாணவியின் அட்டவணைகளையும் புதிதாக எடுத்தோம். அவள் தேர்ச்சி பெற்றுப் போய் மாதங்கள் ஆகியிருந்தன. மதிப்பெண்ணில் ஒன்றும் மாறப்போவதில்லை. நெடுங்கணக்குப்படி எண்ணியபோது இரு நாவல்களுக்கும் இடையே அவள் கண்ட வேறுபாடு பெரிதும் சுருங்கிற்று. ஒலி பிரித்து எண்ணியபோது சற்று மீண்டது. இரண்டையும் அவளுக்கு அனுப்பினேன். “ஐயா, இதில் எதை நான் எழுதியிருக்கவேண்டும்?” என்று ஒரு வரியில் பதில் வந்தது. எந்தக் கேள்விக்காக எண்ணினாய் என்பதைப் பொறுத்தது என்று எழுதினேன். அது நான் அவளுக்கு இரண்டாண்டுகளுக்கு முன் வகுப்பில் சொல்லியிருக்கவேண்டியது.

நண்பர் பணிநிறைவு பெற்று ஊருக்குப் போய்விட்டார். சில ஆண்டுகளுக்குப் பின் புதிய கணினியில் புதிய பதிப்பை நிறுவியபோது, அவர் எழுதிய அந்த டி.எல்.எல். கோப்பு ஏறவில்லை. மூல நிரல் அவருடைய பழைய கணினியோடு போயிற்று. தொலைபேசியில் சொன்னபோது, “விதி எழுதிய தாள் இருக்கிறதா சார்?” என்று மட்டும் கேட்டார். இருக்கிறது. வண்டி குலுங்கியதில் கோணிய கையெழுத்து, இரு பக்கம், பதினான்கு விதிகள். பதினோராவது விதிக்கு எதிரே ‘ஐகாரக் குறுக்கம் – கேட்கவும்’ என்று அவர் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறார். அதற்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை.